புகையை விடும் மாத்திரை: இருமுனை நோய் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பீடியையோ சிகரெட்டையோ விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிற இருமுனை நோயாளிகளுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் எழுதிய அத்தியாயம் இது. விடுங்கள். உங்களால் விட முடியும். விட்டால் உடம்பும் மனசும் தேறும். ஆனால் ஒரு நாள் காலையில் தீர்மானம் செய்து, மெடிக்கலில் மாத்திரை வாங்கி, யாருக்கும் சொல்லாமல் விடுவது உங்களுக்கு ஏற்ற வழியில்லை. தேதி குறிப்பதற்கு முன் உங்கள் மனநல மருத்துவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் சாரம் அவ்வளவுதான். ஏன் அப்படி, அதை எப்படிச் செய்வது என்பது மீதி.

கூத்தாநல்லூரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவே, சுற்றிலும் நெல்வயல் சூழ்ந்த ஊர். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று சபர், அதாவது பிழைப்புக்காக வெளிநாடு, போனவர்கள் நிறைந்த ஊர். நோன்பு மாதத்தில் பகல் முழுக்கப் புகை இல்லாமல் இருந்து பழகியவர்களும் இங்கே நிறையப் பேர். வெயிலில் வேலை, வெளிநாட்டிலிருந்து வரும் மாத்திரை, நோன்பு ஆகிய மூன்றுக்கும் இருமுனை நோயின் மருந்துகளோடு நேரடித் தொடர்பு உண்டு. மற்ற டெல்டா ஊர்க்காரர்களும் தங்கள் ஊருக்குப் பொருத்திப் படித்துக்கொள்ளலாம்.

முதலில், ஏன் விட வேண்டும்?

இந்தியாவில் 2016–17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினார்கள், புகைத்தவர்கள் 10.7 சதவீதம். இருமுனை நோய் உள்ளவர்களிடையே புகைப்பழக்கம் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த நோயோடு வாழ்பவர்களின் ஆயுள் குறைவதற்கு மாரடைப்பும் மற்ற இதய நோய்களும் பெரிய காரணம். அவற்றுக்குப் புகை நேரடியாகத் துணை போகிறது.

"பீடிதான் என் மனசைச் சமாதானமா வச்சிருக்கு, அதை விட்டா நோய் திரும்பிடும்" என்று பலர் நம்புகிறார்கள். சில வைத்தியர்களும் அப்படி நினைத்துக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. புகையை விட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மனஅழுத்தமும் குறைந்திருந்தன; மனநோய் உள்ளவர்களுக்கும் அப்படியே. ஒரு பீடி பிடித்ததும் வருகிற நிம்மதி, முந்தைய பீடியின் நிகோடின் இறங்கியதால் வந்த தவிப்பு அடங்குவதுதான்.

ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்கள்

புகையை விடும் முதல் மாதத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன.

ஒன்று, நிகோடின் நின்றதால் வரும் தவிப்பு. எரிச்சல், பதற்றம், தூக்கக்கேடு, பசி, மனம் ஒரு நிலையில் நிற்காமை ஆகியவை முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும்.

இரண்டு, ஏற்கனவே நீங்கள் சாப்பிடும் சில மனநல மருந்துகளின் ரத்த அளவு, மாத்திரையைக் கூட்டாமலே கூடுகிறது.

மூன்று, புகையை விட உதவும் மாத்திரையே மனநிலையை அசைக்கலாம்.

தூக்கம் குறைந்து எரிச்சலாக இருக்கும் ஒருவருக்கு இந்த மூன்றில் எது நடக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களால் கண்டுபிடிப்பது கடினம். மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர் பிரித்தறிந்து சொல்வார். அவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்வது இதற்காகத்தான்.

பூப்ரோபியான்: அதிகக் கவனம் வேண்டிய மாத்திரை

பூப்ரோபியான் அடிப்படையில் மனச்சோர்வுக்கான மருந்து. அமெரிக்காவில் 1985இல் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்றது. 1997இல் ஜைபான் என்ற பெயரில் புகையை விடுவதற்கும் அனுமதி கிடைத்தது. மனச்சோர்வு மருந்தை, மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து எதுவும் இல்லாமல் தனியாகக் கொடுத்தால், இருமுனை நோயாளிக்கு மேனியா என்ற மிகை உற்சாகக் கட்டம் கிளம்பக்கூடும். பிரிட்டனில் ஜைபானுக்கான மருந்துக் குறிப்பிலேயே, இருமுனை நோய் எப்போதாவது வந்திருந்தால் இதைக் கொடுக்கக்கூடாது என்று இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லித்தியம், வால்ப்ரோயேட் போன்ற சமன்படுத்தும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடும் இருமுனை நோயாளிகளுக்கு மனச்சோர்வுக் கட்டத்தில் பூப்ரோபியான் அல்லது பராக்சிடினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வு 2007இல் வெளிவந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு மேனியா கூடுதலாக வரவில்லை. மனச்சோர்வும் கூடுதலாகக் குணமாகவில்லை. ஆகவே ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. மனநிலை மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, மருத்துவரின் கண்காணிப்பில் இருப்பவருக்குக் குறைவு. மருந்தை நிறுத்திவிட்டவருக்கும், பாதி நாள் மறப்பவருக்கும் அதிகம்.

எல்லோரையும்விட அதிக ஆபத்தில் இருப்பவர், தனக்கு இருமுனை நோய் இருப்பதே தெரியாதவர். மனச்சோர்வு வரும்போது மட்டும் மருத்துவரிடம் போயிருப்பார்; "டிப்ரஷன்" என்று சீட்டில் எழுதியிருக்கும். சுறுசுறுப்பாக இருந்த காலத்தை யாரும் நோயென்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆகவே மனச்சோர்வு வந்த எவரும், பூப்ரோபியானைத் தொடங்கும் முன் தமக்கும் வீட்டாருக்கும் இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்:

• தொடர்ந்து நான்கைந்து நாளாவது மிகக் குறைவாகத் தூங்கி, களைப்பே தெரியாமல் இருந்த காலம் உண்டா?
• அப்போது பேச்சு வேகமாகி, ஒன்றன்மேல் ஒன்றாகத் திட்டம் போட்டு, கையில் இல்லாத பணத்தைச் செலவழித்ததுண்டா?
• மனச்சோர்வு மாத்திரை ஏதாவது சாப்பிட்டபோது அப்படி ஆனதுண்டா?
• அம்மா, அத்தா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இருமுனை நோய் உண்டா?

ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மனநல மருத்துவரைப் பார்க்காமல் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

பூப்ரோபியானுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: வலிப்பு. வழக்கமான அளவில் சுமார் 1,000 பேரில் ஒருவருக்கு வரலாம். வலிப்பு நோய் இருப்பவர், தலையில் பலத்த அடிபட்டவர், குடியைத் திடீரென்று நிறுத்தியவர், தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியவர் ஆகியோருக்கு இது ஆகாது. க்ளோசபின் சாப்பிடுபவருக்கு வலிப்பு வாய்ப்பு ஏற்கனவே கூடுதல். கார்பமசெபின் சாப்பிடுபவருக்குப் பூப்ரோபியான் உடம்பில் தங்காமல் போவதால் பலன் குறையும். ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல், ரத்த அழுத்தத்துக்கான மெட்டப்ரோலால் ஆகியவற்றின் அளவைப் பூப்ரோபியான் ரத்தத்தில் ஏற்றிவிடும்.

எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் இதையே எழுதிக் கொடுத்தால், இரண்டாவது வேளை மாத்திரையை முதல் வேளைக்கு 8 மணி நேரமாவது கழித்துப் போடுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் போடாதீர்கள். தூக்கத்தைக் கெடுக்கும் மருந்து இது.

வேரெனிக்ளின்: அச்சம் குறைந்தது, கவனம் குறையக்கூடாது

சாம்பிக்ஸ் என்ற பெயரில் 2006இல் வந்த மாத்திரை இது. மூளையில் நிகோடின் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்வதால் தவிப்பு குறையும்; புகைத்தாலும் பழைய சுகம் கிடைக்காது. இதைச் சாப்பிட்ட சிலருக்கு மேனியா, தற்கொலை எண்ணம், ஆக்ரோஷம் வந்ததாக மருத்துவ இதழ்களில் தகவல்கள் வந்தன. 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதற்கும் பூப்ரோபியானுக்கும் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை விதித்தது.

உண்மை நிலையை அறிய, அந்த அமைப்பின் உத்தரவின்பேரில் 16 நாடுகளில் 8,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆய்வு நடந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் மனநோய் உள்ளவர்கள். இருமுனை நோயாளிகளும் அதில் அடக்கம். 2016இல் முடிவு வந்தது. மனநோய் உள்ளவர்களிடையே கடுமையான மனநலப் பாதிப்பு வேரெனிக்ளினில் 6.5 சதவீதம், பூப்ரோபியானில் 6.7, நிகோடின் பேட்ச்சில் 5.2, வெற்று மாத்திரையில் 4.9. மாத்திரைகளுக்கும் வெற்று மாத்திரைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை நீக்கப்பட்டது. பலனைப் பார்த்தால், சிகிச்சையின் கடைசி நான்கு வாரமும் புகைக்காமல் இருந்த மனநோயாளிகள் வேரெனிக்ளினில் 29.2 சதவீதம், வெற்று மாத்திரையில் 11.4 சதவீதம்.

இருமுனை நோயாளிகளை மட்டும் வைத்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கே. என். ராய் செங்கப்பா தலைமையில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. மூன்று மாத முடிவில் வேரெனிக்ளின் சாப்பிட்ட 31 பேரில் 15 பேர் புகையை விட்டிருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 29 பேரில் 3 பேர். ஆறாவது மாதத்தில் அது 6 பேராகவும் 2 பேராகவும் குறைந்தது. மாத்திரை கைகொடுக்கிறது, ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகும் துணை தேவைப்படுகிறது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் நோய் சமநிலையில் இருந்தவர்கள். மேனியா இப்போதுதான் அடங்கியவருக்கும், மனச்சோர்வின் ஆழத்தில் இருப்பவருக்கும் இந்த எண்கள் உறுதி தராது. மனநிலை சில மாதமாவது நிலையாக நின்ற பிறகு தொடங்குவதே பாதுகாப்பு.

மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். வேரெனிக்ளினைச் சாப்பாட்டுக்குப் பிறகு, டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும்; வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். விசித்திரமான கனவுகள் வரலாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பல ஆண்டு லித்தியம் சாப்பிட்டவர்கள் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொண்டே தொடங்க வேண்டும்.

நிகோடின் சூயிங்கமும் பேட்ச்சும்

இருமுனை நோயாளிகள் பலருக்கு மருத்துவர்கள் முதலில் யோசிப்பது இதைத்தான். மேனியாவைக் கிளப்பும் அச்சம் குறைவு. மற்ற மருந்துகளோடு மோதுவதும் குறைவு. இந்தியாவில் 2 மி.கி. நிகோடின் சூயிங்கம் சீட்டில்லாமலே கிடைக்கிறது. காலையில் கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் பீடி தேடுபவருக்கு 4 மி.கி. தேவைப்படலாம், அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும்.

சூயிங்கத்தை வெற்றிலைபோல் மென்று விழுங்கினால் பயனில்லை. வயிற்றெரிச்சலும் விக்கலும்தான் மிஞ்சும். மெதுவாக நாலைந்து தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படி. மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, எலுமிச்சை ஜூஸ் வேண்டாம். பேட்ச் ஒட்டுபவருக்குத் தூக்கம் கெட்டால், இரவில் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் புதிதாக ஒட்டச் சொல்வார்கள்.

புகை நின்றதும் ரத்தத்தில் ஏறும் மருந்துகள்

புகையை விடும் மாத்திரையே சாப்பிடாதவரும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். பீடி, சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலில் சி.ஒய்.பி. 1ஏ2 என்ற நொதியைத் தூண்டுகின்றன. ஓலான்சபின், க்ளோசபின் ஆகிய மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது இந்த நொதிதான். புகைப்பவருக்கு இந்த நொதி என்னும் மதகு அகலத் திறந்திருக்கிறது. மருந்து வேகமாக வடிகிறது. அதற்கேற்ப மருத்துவர் அளவைக் கூட்டி வைத்திருப்பார். புகை நின்றால் சில நாளில் மதகு இறங்கிவிடும். வரத்து அதே அளவு, வடிகால் குறைவு. ரத்தத்தில் மருந்து தேங்கும். க்ளோசபின் அளவு ஒரு வாரத்திலேயே பாதிக்குப் பாதி ஏறிவிடக்கூடும். வலிப்பு வரை போகலாம்.

உதாரணமாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். லெட்சுமாங்குடி கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர்; இரவில் ஓலான்சபின் 15 மி.கி.; நாளுக்கு இரண்டு கட்டு பீடி. பீடியை விட்ட இரண்டாவது வாரம் மனைவி அவரை மருத்துவரிடம் அழைத்து வருகிறார்.

"டாக்டர், இவுங்க பீடியை விட்டு பன்னெண்டு நாளாச்சு. அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயந்தான். ஆனா காலையில ஒம்போது மணிக்குக்கூட எழுப்ப முடியல. சுபுஹு தொழுகை போயிருச்சு. எந்திரிச்சு நின்னா தலை சுத்துதுங்குறாங்க. கடையில உக்காந்த இடத்துலயே தூங்குறாங்க. பழைய டிப்ரஷன் திரும்பிருச்சோன்னு பயமா இருக்கு."

"மாத்திரையைக் கூட்டிப் போட்டாரா அம்மா?"

"இல்லீங்க, நீங்க எழுதுன அதே ஒண்ணுதான். நான்தான் எடுத்துக் கொடுக்குறேன்."

அவர் சொல்வது சரி. மாத்திரை மாறவில்லை, ரத்தத்தில் அதன் அளவு மாறிவிட்டது. புகையை விடும் தேதி முன்பே தெரிந்திருந்தால் மருத்துவர் முதல் வாரத்திலேயே அளவைக் குறைத்திருப்பார். வழக்கமாக இருக்கும் அளவில் கால் பங்கைக் குறைத்துப் பார்ப்பார்கள். இதை நீங்களாகக் குறைக்கக் கூடாது. மயக்கம் பிடிக்காமல் மாத்திரையை மொத்தமாக நிறுத்துபவர்கள் உண்டு. அதன் பின்னால் மேனியா வரும்.

இதில் இரண்டு நுணுக்கங்கள். இந்த மாற்றத்துக்குக் காரணம் நிகோடின் இல்லை, புகை. பீடியை விட்டுவிட்டு ஹான்ஸ், கூல் லிப் அல்லது வெற்றிலையோடு புகையிலை என்று மாறினாலும், நொதியைப் பொறுத்தவரை நீங்கள் புகையை விட்டவர்தான்; மருந்து அளவு ஏறும். (அவை வாய்ப் புற்றுநோய்க்கு வழி என்பதால் அந்த மாற்றமே வேண்டாம்.) நிகோடின் பேட்ச் ஒட்டினாலும் மருந்து அளவு ஏறுவதைத் தடுக்காது. இரண்டாவது, மறுபடி புகைக்கத் தொடங்கினால் மருந்து அளவு இறங்கி நோய் தலைதூக்கலாம். வெட்கப்படாமல் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

லித்தியம், வால்ப்ரோயேட், லமோட்ரிஜின், கார்பமசெபின் ஆகியவற்றின் அளவைப் புகை இப்படி மாற்றுவதில்லை. ஆனால் லித்தியத்துக்கு வேறு வழிகளில் சிக்கல் வரும்.

லித்தியம் சாப்பிடுபவருக்கு: காபி, வெயில், வலி மாத்திரை

லித்தியத்தில் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. பெரும்பாலோருக்கு ரத்தத்தில் 0.6 முதல் 0.8 வரை வைத்திருப்பார்கள்; சிலருக்கு 1.0 வரை. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும்.

காபியில் உள்ள காஃபீனையும் வெளியேற்றுவது மேலே சொன்ன அதே நொதிதான். புகை நின்றதும், நாளுக்கு நான்கு டம்ளர் குடித்தவருக்கு அந்த நான்கே ஏறக்குறைய எட்டின் வேலையைச் செய்யும். படபடப்பும் தூக்கக்கேடும் வரும். பார்ப்பவர்கள் மேனியா என்பார்கள். ஆகவே காபி, டீயைக் குறைக்க வேண்டும், ஆனால் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. காஃபீன் லித்தியத்தைச் சிறுநீர் வழியே கொஞ்சம் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அது திடீரென்று நின்றால் லித்தியம் ஏறும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகப் பாதியாக்குங்கள். மாலைக்கு மேல் காபி வேண்டாம்.

வேரெனிக்ளினால் வாந்தி எடுத்தாலும், அறுப்புக் காலத்தில் வயலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், உடம்பில் நீர் வற்றி லித்தியம் ஏறும். புகையை விட்ட முதல் வாரத்தில் தலைவலி சகஜம். அதற்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். இவையும் லித்தியத்தை ஏற்றும். பாரசிட்டமால் போதும்.

கை பலமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குக் குழறல், குழப்பம் ஆகியவை லித்தியம் நஞ்சாகிவிட்டதன் அறிகுறிகள். இவை வந்தால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நோன்பு மாதத்தில் விட நினைப்பவருக்கு

பகல் முழுக்கப் புகைக்காமல் இருந்தவர், "இப்படியே விட்டுவிடலாம்" என்று நினைப்பது நல்ல எண்ணம். ஆனால் அந்த மாதத்தில் தூக்கம் துண்டு துண்டாகிறது. தராவீஹ் தொழுகை முடிந்து படுத்து, சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து, மறுபடி கண் அசந்து, பகலில் வேலை. இருமுனை நோயாளிக்குத் தூக்க நேரம் கலைவதே மேனியாவைக் கிளப்பப் போதுமானது. மொராக்கோவின் காசாபிளாங்காவில் லித்தியம் சாப்பிடும் 20 பேரை நோன்பு மாதத்தில் கவனித்த ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் மேனியா. லித்தியம் அளவு குறையாமலே அப்படி நடந்தது. பாகிஸ்தானின் பெஷாவரில் பின்னால் நடந்த ஆய்வில் இத்தகைய பாதிப்பு தென்படவில்லை. உங்கள் உடம்பு எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், நோன்பும் புகை நிறுத்தமும் புது மாத்திரையும் ஒரே மாதத்தில் சேர்வதைத் தவிர்ப்பது நல்லது.

நோன்புக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது, ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை உங்கள் ஆலிமே சொல்வார். பேட்ச் ஒட்டலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். விடுவதற்கு முடிந்தால் நோன்புக்கு முந்தைய மாதத்தையோ, பெருநாள் முடிந்து தூக்கம் பழைய நேரத்துக்கு வந்த பிறகான நாள்களையோ தேர்ந்தெடுங்கள்.

சபுராளி கொண்டுவரும் மாத்திரை

மச்சான் ஊருக்கு வரும்போது தைலம், சாக்லேட்டோடு "இதைப் போட்டுத்தான் நான் விட்டேன்" என்று ஓர் அட்டையும் கொண்டுவருவார். பாசத்தோடு தருவதுதான். ஆனால் அவருக்கு இருமுனை நோய் இல்லை. அவருடைய சிறுநீரகம் வேறு, அவர் சாப்பிடும் மருந்து வேறு. அட்டையில் பெரிதாக அச்சிட்ட வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். பூப்ரோபியான், வேரெனிக்ளின், நார்ட்ரிப்டிலின் என்று இருந்தால் எடுத்து வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நார்ட்ரிப்டிலினும் மனச்சோர்வு மருந்தே. மேனியா அச்சம் அதற்கும் உண்டு. உடம்பு இளைப்பதற்கான சில வெளிநாட்டு மாத்திரைகளிலும் பூப்ரோபியான் சேர்ந்திருக்கும். மின்சிகரெட்டை வாங்கிவரச் சொல்லாதீர்கள். இந்தியாவில் 2019 முதல் சட்டப்படி தடை.

தேதி குறிக்கும் முன்

திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நினைவிலிருந்து சொல்லும் பெயரைவிட அட்டை நம்பகமானது. கேட்க வேண்டியவை:

1. என் மனநிலை இப்போது புகையை விடும் அளவுக்கு நிலையாக இருக்கிறதா?
2. நான் சாப்பிடும் மருந்துகளில் புகை நின்றால் ஏறுபவை எவை? அளவை எந்த நாளில், எவ்வளவு குறைப்பது?
3. எனக்கு நிகோடின் போதுமா, மாத்திரையும் வேண்டுமா?
4. சிறுநீரகம், லித்தியம் பரிசோதனை எப்போது?
5. முதல் மாதத்தில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது?

அறுப்பு, கல்யாணம், வீடு கட்டுவது, வெளிநாட்டுப் பயணம் போன்ற நெருக்கடி இல்லாத மாதத்தில் தேதி குறியுங்கள். வீட்டில் ஒருவரைக் காவலாக வைத்துக்கொள்ளுங்கள். "நான் தூங்காம இருந்தா, சண்டை போட்டாலும் பரவால்ல, டாக்டருக்குப் போன் பண்ணிடு" என்று நீங்கள் தெளிவாக இருக்கும்போதே அவருக்கு அனுமதி கொடுத்து வையுங்கள்.

முதல் நான்கு வாரம்: ஒரு நோட்டுப் புத்தகம்

தினமும் நான்கே விவரம் எழுதினால் போதும்: எத்தனை மணி நேரம் தூக்கம், மனநிலை எப்படி, எத்தனை டம்ளர் காபி, எல்லா மாத்திரையும் போட்டாயிற்றா. வீட்டில் இருப்பவர் எழுதினால் இன்னும் நல்லது.

நிகோடின் தவிப்பையும் மேனியாவையும் பிரித்தறிய தூக்கத்தைப் பாருங்கள். தவிப்பில் இருப்பவர் தூக்கம் வராமல் புரள்வார். மறுநாள் சோர்ந்து, "ராத்திரி தூங்கவே இல்லை" என்று புலம்புவார். மேனியா தொடங்கியவர் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுத் தெம்பாக எழுவார். தூங்காதது அவருக்குக் குறையாகவே தெரியாது. இரவு இரண்டு மணிக்குச் சிங்கப்பூர் தம்பிக்குப் போன் போட்டு, மனை வாங்கலாம், புதுக் கடை திறக்கலாம் என்பார். பேச்சை நிறுத்த முடியாது. மறுத்துப் பேசினால் கோபம் வரும்.

இவை தெரிந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்:

• தொடர்ந்து இரண்டு இரவு நான்கு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம், ஆனால் களைப்பில்லை
• வழக்கத்துக்கு மாறான செலவு, பேச்சு, கோபம்
• இரண்டு வாரத்துக்கு மேலும் நீடிக்கும் சோர்வு, அழுகை
• இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம்

சாக வேண்டும் என்ற எண்ணம், வலிப்பு, லித்தியம் நஞ்சின் அறிகுறி ஆகியவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம்; 108ஐ அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். இந்த நிலையில் புகையை விடும் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகலாம். மனநிலை மருந்தை மட்டும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. லித்தியம் நஞ்சு அறிகுறி மட்டுமே இதற்கு விலக்கு.

மனம் பற்றிப் பேச 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். புகையை விட வழிகாட்டும் தேசிய உதவி எண் 1800-11-2356. இரண்டுக்கும் கட்டணமில்லை. பேசும்போது முதல் வாக்கியத்திலேயே உங்களுக்கு இருமுனை நோய் இருப்பதையும் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் தரும் ஆலோசனை அதைப் பொறுத்து மாறும்.

ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, மூன்றாவது வாரம் மறுபடி பீடி பற்றவைத்துவிட்டாலோ, உங்களால் விட முடியாது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். புகையை விட்டவர்களில் பெரும்பாலோர் பல முறை முயன்ற பிறகே விட்டவர்கள். எந்த மருந்து, எந்த வாரம், தூக்கம் எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதியிருந்தால், அதைப் பார்த்து மருத்துவர் அடுத்த முறைக்கு வேறு வழி சொல்வார். மனநிலை அடங்கியதும் அடுத்த தேதியை அவரோடு உட்கார்ந்து குறியுங்கள்.